அளவு ஜாக்கெட்

திருவாடானை ஆதிரத்தினேஸ்வரர் கோயிலின் நெடிய கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தொண்டிச் சாலைப் பக்கம் நடப்பவர்களுக்கு, ஒரு மிஷினும் ஒரு பெஞ்சும் மாத்திரமே ஆஸ்தியாகக் கொண்ட சிறு தையற்கடை ஒன்று கண்ணில் பட்டாலும் படலாம், படாமல் போனாலும் போகலாம். நைந்த காலரைப் பிரித்து மறுபுறம் திருப்பித் தைத்துக் கொடுக்கும் பழைய வித்தையை இன்னும் மறக்காத ஒரு மனிதர் அங்கே இருப்பதாலும், அவர் வாங்கும் நாளிதழை நான் வருவதற்கு முன்பே அவர் படித்து முடித்துவிடுவதாலும், மாலை வேளைகளில் அந்தப் பெஞ்சின் ஒரு மூலை எனக்கு ஏறக்குறைய பாத்தியப்பட்டதாகவே ஆகிவிட்டது.

ஏழெட்டு வருஷங்களுக்கு முன்பு, ஆடிப்பூரத்துக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்த ஒரு மாலையில், பத்தொன்பது இருபது வயது மதிக்கத்தக்க பிள்ளை ஒன்று வந்து, பாலிதீன் பையிலிருந்து கிளிப்பச்சைத் துணி ஒன்றை எடுத்து மிஷின் பலகையின் மேல் வைத்து, "அக்காவுக்கு ஜாக்கெட் தைக்கணும், பாய்" என்றது. பாய் துணியை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். "அளவு ஜாக்கெட் கொண்டாந்தியா, தம்பி?"

"அது இல்ல பாய். சும்மா உத்தேசமாத் தைச்சுக் குடுங்க. அக்கா என் ஒசரந்தான் இருக்கும்."

"உத்தேசமாத் தைக்க இது என்ன தலகாணி உறையா?" என்று பாய் சிரித்தார், நானும் சிரித்தேன். பிள்ளை துணியைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு போய்விட்டது. அந்த வீட்டில் அக்கா என்று ஒருவரும் கிடையாது என்பது பாய்க்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே சிரித்தோம் என்பதை இங்கே மறைக்காமல் எழுதிவிடுவதுதான் நியாயம்.

பிள்ளை என்ற சொல்லை நான் வேண்டுமென்றேதான் கையாளுகிறேன். எங்கள் சீமையில் அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. 'பிள்ளை வந்துச்சு, பிள்ளை சாப்பிட்டுச்சு' என்று அஃறிணை வினையைக் கொடுத்து, அதில் உயர்திணை வினையில் இல்லாத ஒரு வாத்ஸல்யத்தையும் வைத்துப் பேசுவது இங்குள்ள தாய்மாரின் வழக்கம். இலக்கணம் அவன் என்றோ அவள் என்றோ தீர்மானிக்கச் சொல்லி நெருக்கும் இடத்தில், ஊர்ப்பேச்சு ஓர் இளைப்பாறும் திண்ணையை வெகு காலத்துக்கு முன்பே கட்டி வைத்திருக்கிறது.

அதே போல், ரவிக்கை என்று நான் எழுதப் பழகியதை ஊரார் ஜாக்கெட் என்கிறார்கள். புதிதாக ஒன்று தைக்க வேண்டுமானால் ஏற்கெனவே உடம்புக்குப் பொருந்திய ஒன்றை முன்மாதிரியாகக் கொடுக்க வேண்டும் என்பது தையற்கடைச் சம்பிரதாயம். ஒரு பெண்குழந்தைக்கு முதல் ஜாக்கெட் தைக்கும் நாளில் அதன் தாய் கூடவே வந்து, இஞ்ச் டேப்பைத் தன் கையில் வாங்கி, மறைவில் அளந்து, 'வளர்ற பிள்ளை, உள்ளே துணி விட்டுத் தைங்க' என்று சொல்லிவிட்டுப் போவாள். அப்படி உடன் வருவதற்கு ஒருவரும் இல்லாத உடம்பு தன் முதல் அளவை எங்கிருந்து கொண்டு வரும் என்ற கேள்வி அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை; தோன்ற வெகு நாளாயிற்று.

மோஸ்தர் என்று அந்தக் காலத்தில் சொன்னதும் ஃபேஷன் என்று இந்தக் காலத்தில் சொல்வதுமான விஷயத்தைப் பற்றி என் தலைமுறைக்கு ஓர் அலட்சியம் உண்டு. சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும், ஆண் என்றும் பெண் என்றும் பிறப்பிலே எழுதப்பட்டதை ஏற்காதவர்களும், தம் பாலினரையே நேசிப்பவர்களும் கூடும் கூட்டங்களின் படங்களைப் பத்திரிகைகளில் பார்க்கும்போது, 'உரிமை கேட்பது சரி. அதற்கு இவ்வளவு சாயமும் சரிகையும் எதற்கு?' என்று கேட்கிற நல்ல மனிதர்களை நான் அறிவேன். நானே அவர்களில் ஒருவனாக இருந்தவன். கல்வி, உத்தியோகம், வீட்டு வசதி ஆகியவையே பிரதானம், அலங்காரம் பிற்பாடு என்ற அந்த வரிசைக்கிரமம் கேட்பதற்கு வெகு நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் அடக்க நினைத்தவர்கள் ஒருநாளும் அந்த வரிசையைப் பின்பற்றியதில்லை என்பதற்கு எங்கள் ஜில்லாவின் சரித்திரமே சாட்சி.

1930-ஆம் வருஷம் டிசம்பர் மாதம், சிவகங்கைப் பகுதியையும் உள்ளடக்கியிருந்த அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவில், ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தனர், ஜே. எச். ஹட்டன் சாதியைப் பற்றி எழுதிய நூலில் அவற்றை அப்படியே பதிவு செய்திருக்கிறார். பொன் வெள்ளி நகை அணியலாகாது, ஆண்களின் உடை முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ போகலாகாது, கோட்டும் சட்டையும் பனியனும் கூடாது, முடியை வெட்டிக்கொள்ளலாகாது, பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கலாகாது, பூவும் மஞ்சளும் கூடாது, ஆண்கள் குடை பிடிக்கவோ செருப்பு அணியவோ கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் இருக்கலாகாது என்ற ஒன்றைத் தவிர, எட்டில் ஏழும் உடம்பின் மேல் கிடப்பவற்றையும் உடம்போடு நடப்பவற்றையும் பற்றியவையே. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அடுத்த ஜூனில் எட்டு பதினொன்றாயிற்று. பிள்ளைகள் படிக்கக்கூடாது, நிலம் வைத்திருக்கக்கூடாது, இன்ன கூலிக்கு மேல் கேட்கக்கூடாது என்பன அப்போதுதான் வெளிப்பட்டு வந்தன. ஆக, பள்ளிக்கூடத்தையும் நிலத்தையும் பிடுங்க நினைத்தவன் முதலில் கை வைத்தது ரவிக்கையின் மேல். உடையை அற்ப விஷயம் என்று நாம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதிகாரம் அப்படி ஒருபோதும் நினைத்ததில்லை.

ஆங்கிலேய சர்க்காரும் அவ்வாறு நினைக்கவில்லை. 1871-ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் என்றதும் நம் பக்கத்தில் கைரேகையும் கச்சேரியில் இரவுப் படுக்கையும்தான் நினைவுக்கு வருகின்றன. அச்சட்டத்துக்கு இரண்டாவது பகுதி ஒன்று இருந்ததும், அது வடக்கே ஹிஜ்ராக்களை 'அலிகள்' என்று பதிவேட்டில் எழுதி வைப்பதற்காகவே இயற்றப்பட்டதும் பலருக்குத் தெரியாது. அவ்வாறு பதிவானவர் பெண்ணைப் போல உடுத்தோ நகை பூண்டோ பொதுவீதியில் தென்பட்டால், அல்லது பொது இடத்தில் ஆடிப் பாடினால், பிடிவாரண்டு இல்லாமல் கைது செய்யலாம். இரண்டு வருஷம் வரை சிறை. திருடியிருக்க வேண்டியதில்லை, அடித்திருக்க வேண்டியதில்லை, வளையல் போதும். 1884-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த கைராத்தி என்பவரின் வழக்கு, அவர் பெண்ணுடையில் பாடிக்கொண்டிருந்தார் என்பதிலிருந்து தொடங்கி, இயற்கைக்கு மாறான புணர்ச்சி என்று சொல்லித் தண்டித்த 377-ஆம் பிரிவில் போய் முடிந்தது. எப்போது, எங்கே, யாருடன் என்ற விவரம் ஒன்றுமே இல்லாத குற்றச்சாட்டு என்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. நிஜாம் ராஜ்யத்தில் 1329 பசலியில் இதே மாதிரி ஒரு சட்டம் வந்தது. அதை அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் தள்ளியது 2023 ஜூலையில். தேசம் சுதந்திரம் அடைந்து எழுபத்தைந்து வருஷங்களுக்கு மேலும், பெண்ணுடை அணிந்தவரைப் பிடிக்கலாம் என்ற ஓர் ஏடு எங்கோ ஓர் அலமாரியில் உயிரோடு இருந்திருக்கிறது.

இப்படி உடையைக் காவல் காப்பதெல்லாம் நம் பண்பாடு என்று யாராவது வாதிக்க வந்தால், அவரை இராமநாதபுரத்துக்கு பஸ் ஏற்றி, அரண்மனைக்குள் இருக்கும் இராமலிங்க விலாசத்தின் சுவர்களின் முன் நிறுத்துவேன். முத்து விஜய ரகுநாத சேதுபதி பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டுவித்த ஓவியங்கள் அவை. யுத்தம் செய்கிற அதே அரசன், காதிலும் கழுத்திலும் கையிலும் ஆபரணங்கள் மின்ன, மெல்லிய துகில் உடுத்து வீற்றிருக்கிறான்; அவன் ஆண்மைக்கு அதனால் ஒரு குறையும் நேரவில்லை. என் பாட்டனார் கடுக்கன் போட்டிருந்தார், குடுமிக்கு எண்ணெய் தடவி முடிந்துகொண்டார். நகையும் கூந்தலும் பெண்களுக்கு மாத்திரம் உரியவை, ஆண்பிள்ளை என்றால் வெட்டிய கிராப்பும் வெறுங்காதும்தான் என்பது, நாம் நினைப்பதைப் போல் ஆதி காலத்து நியதி அல்ல. அதுவே ஒரு மோஸ்தர், கோட்டும் கடிகாரமும் ஏறி வந்த அதே கப்பலில் வந்திறங்கிய மோஸ்தர்.

திருவாடானையைப் பாடிய திருஞானசம்பந்தர், குழந்தையாக முதன்முதல் பாடத் தொடங்கியபோது தெய்வத்துக்கு அடையாளமாகச் சுட்டியது சூலத்தையோ நெற்றிக்கண்ணையோ அல்ல, காதில் கிடந்த தோட்டை. ஒரு காதில் தோடும் மறுகாதில் குழையுமாக நிற்கும் மூர்த்தியைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, இரண்டு காதிலும் தோடு போட்ட ஒரு பையனைப் பார்த்துக் காறி உமிழ்கிறவர்களுடைய பக்தியின் தர்க்கம் எனக்குப் பிடிபடுவதில்லை. மணிமேகலையில், மலர்வனத்துக்குப் போகும் வழியில், சுருண்ட தாடியோடும் பூ முடித்த கூந்தலோடும் அணிகளோடும் ஒருவர் பேடிக் கூத்து ஆடுவதும், புகார் நகரத்து ஜனங்கள் கூடி நின்று பார்ப்பதும் வருகின்றன. தாடியை மழிக்காமலே பெண்கோலம் பூணுவது நியூயார்க்கில் நேற்று முளைத்த புதுமை என்று நம்புகிறவர்கள் அந்தக் காதையை ஒரு முறை புரட்டலாம்.

ஊர்ப்பெயரைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வருணனின் மகன் வாருணி, துர்வாசரின் சாபத்தால் யானை உடலும் ஆட்டுத் தலையுமாகி, இங்கே வழிபட்டு மீண்டான், அதனால் ஆடு ஆனை என்பது ஆடானை ஆயிற்று என்பது தல புராணம். சிரசு ஒன்று, சரீரம் ஒன்று என்ற அந்த நிலையைப் புராணம் சாபம் என்றே சொல்கிறது, நான் அதை மாற்றப் போவதில்லை. ஆனால் எந்தப் பக்கத்தைத் திருத்தினால் சாபம் தீரும் என்பதை வாருணியைக் கேட்காமல் ஊர் கூடித் தீர்மானித்ததாகப் புராணத்தில் இல்லை. அம்பிகையின் பெயரும் சிநேகவல்லி.

இந்தத் தாலுகாவிலேயே இருக்கும் ஓரியூரில் 1693-இல் வெட்டுண்ட அருளானந்தரை எடுத்துக்கொள்ளுங்கள்: லிஸ்பனில் பிரபு குடும்பத்தில் பிறந்து, அரசவையில் வளர்ந்து, இந்த மறவர் சீமையில் பண்டாரசுவாமியாகக் காவி உடுத்தித் திரிந்தவர். பிறப்புக்கு உரியதல்லாத உடையை ஒருவர் உள்ளத்தின் நிமித்தம் பூணலாம் என்பதற்கு அவரே சாட்சி; அவரைப் புனிதர் என்று கும்பிட ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். நாடக மேடையிலும் நமக்கு ஆட்சேபம் இருந்ததில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் பையன்கள் சீதையாகவும் வள்ளியாகவும் வந்தார்கள், கே. பி. சுந்தராம்பாள் 1935-இல் நந்தனாராகவும், எம். எஸ். சுப்புலட்சுமி 1941-இல் வந்த 'சாவித்திரி'யில் நாரதராகவும் நடித்ததைக் குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். வேஷம் என்று சொல்லிக்கொள்ளும் வரையில் எல்லாம் சம்மதம். 'இது வேஷம் அல்ல, நீங்கள் பார்த்துப் பழகியதுதான் வேஷம்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் மாத்திரம் நமக்குப் பொறுப்பதில்லை.

ஆகவே அப்படிச் சொல்கிற பிள்ளைகளுக்கு பஸ்தான் வழி. திருவாடானையிலிருந்து காளையார்கோவில், சிவகங்கை வழியாக மதுரைக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். அங்கிருந்து ராத்திரி வண்டி பிடித்தால் விடியும்போது சென்னை. ஜாக்கெட் துணியோடு வந்த அந்தப் பிள்ளையும் அந்த வழியாகத்தான் போயிற்று. நகரம் அவர்களுக்குக் கொடுப்பது சுதந்திரம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். நகரம் கொடுப்பது முகமறியாமை. எதிரில் வருகிறவன் நம் சித்தப்பாவாக இருக்க முடியாது என்ற நிச்சயம் ஒன்று போதும், விரல் நகத்தில் சிவப்பு ஏறுவதற்கு. நெயில் பாலிஷைப் போல விலை குறைந்ததும், சீக்கிரம் அழிக்கக் கூடியதுமான அலங்காரம் வேறு இல்லை. தீபாவளிக்கு ஊர் திரும்பும் ராத்திரியில், ஜன்னலோர இருக்கையில் பஞ்சும் ரிமூவரும் வைத்துக்கொண்டு பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு வந்து இறங்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். நகத்தோரத்தில் மிஞ்சியிருக்கும் ஒரு கீற்றை வீட்டில் முதலில் கண்டுபிடிக்கிறவள் பெரும்பாலும் பாட்டி. அநேகமாக அவள் வாயைத் திறப்பதில்லை.

2021-இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்து, பின் திருநங்கையருக்கும் அது விரிந்தபோது, அந்த நல்ல திட்டத்தின் வாசலில் நடத்துநர் நிற்க வேண்டியதாயிற்று. ஏறுகிறவரை ஏற இறங்கப் பார்த்து எந்தச் சீட்டைக் கிழிப்பது என்று அரை நொடியில் அவர் முடிவு செய்கிறார். எதை வைத்து? புடவையை வைத்து, பொட்டை வைத்து, தலைமுடியின் நீளத்தை வைத்து. அடையாள அட்டையைக் காட்டுவது அப்புறம். அலங்காரம் அவசியமா என்று கேட்கிறவர்கள் அந்த அரை நொடியில் படிக்கட்டில் நின்று பார்க்க வேண்டும்.

திருநங்கையருடைய சொந்தப் பேச்சிலே உடைக்கு இருக்கும் ஸ்தானம் இன்னும் விசேஷமானது. பெண்ணுடைக்கு அவர்கள் வழங்கும் சொல் சாட்லா. ஹைதராபாத் சமூகத்தைப் பற்றி காயத்ரி ரெட்டி 2005-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில், சாட்லா உடுப்பவர், உடுக்காதவர் என்பதே, ஆணாகப் பிறந்து பெண்மையை உணர்கிற கோத்திகளிடையே ஒரு முக்கியப் பாகுபாடாக வருகிறது: உள்ளத்தால் ஒருவரேயானாலும், வீட்டுக்கும் உத்தியோகத்துக்கும் அஞ்சி பேண்ட் சட்டையிலேயே வாழ்கிறவர்கள் ஒரு வகை, எல்லாவற்றையும் விட்டுப் புடவைக்கு வந்தவர்கள் மற்றொரு வகை. குரு தம் சீடரான சேலாவுக்கு எடுத்துக் கொடுக்கும் முதல் புடவை என்பது தாய் வீட்டிலிருந்து வராத சீர். ஆ. ரேவதியும் லிவிங் ஸ்மைல் வித்யாவும் தங்கள் வாழ்க்கையைத் தமிழில் எழுதிய பிறகுதான், திருநங்கையர் வாழ்க்கையைத் தெருவின் மறுபக்கத்திலிருந்து மாத்திரம் பார்த்திருந்த என்னைப் போன்றவர்களுக்கு இந்த உள்வீட்டுக் கதை தெரிய வந்தது. திருநம்பியரின் பாடு வேறு. சென்னையின் மே மாத வெயிலில், பனியனுக்குள் மார்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மூச்சு முட்ட அலுவலகம் போய் வருகிறவருக்கு ஸ்டைல் என்பது கண்ணாடியின் முன் செய்யும் விளையாட்டு அல்ல. அவரைப் பற்றிப் பத்திரிகைகள் படம் போடுவதும் இல்லை, ஏனெனில் அவர் வெற்றியடைவது என்பதே யாருடைய கண்ணிலும் படாமல் போவதுதான்.

தம் பாலினரை நேசிப்பவர்கள் முதலியோர் பொதுவீதியில் பகலிலே வெளிப்பட்டு நடப்பது நம் தேசத்தில் துணியோடுதான் தொடங்கிற்று. 1999 ஜூலை 2-ஆம் தேதி கல்கத்தாவில் பதினைந்தே பேர் மஞ்சள் பனியன் அணிந்து நடந்தார்கள். அதற்குச் சிநேக நடை என்று பெயர் வைத்திருந்தார்கள் என்று படித்தபோது எனக்கு எங்கள் அம்பாளின் ஞாபகம் வந்தது. டில்லியில் 2008-இல் ஊர்வலம் கிளம்பியபோது முகத்தைக் காட்ட முடியாதவர்களுக்காக முகமூடிகள் தயாராயிருந்தன. சென்னையில் மெரினாவை ஒட்டி முதல் வானவில் பேரணி நடந்தது 2009 ஜூன் 28-இல். நான்கு நாள் கழித்து, கல்கத்தா நடைக்குச் சரியாகப் பத்து வருஷம் நிறைந்த தேதியில், 377-ஆம் பிரிவைக் குறுக்கி டில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது 2013-இல் ரத்தாகி, 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றத்தால் மீண்ட கதை யாவரும் அறிந்ததே.

வானவில் கொடியின் பூர்வோத்தரமும் ஒரு சாயப்பட்டறைக் கதைதான். 1978-இல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் கில்பர்ட் பேக்கரும் தோழர்களும் கையாலேயே சாயம் தோய்த்துத் தைத்தபோது நிறங்கள் எட்டு. பெருமளவில் தயாரிக்கப் போனபோது பளீரென்ற இளஞ்சிவப்புத் துணி கிடைக்கவில்லை என்பதனால் அந்த நிறம் கழன்று போயிற்று. பரமக்குடித் தறிகளுக்கு அருகில் வாழ்கிற எங்களுக்கு இது நன்றாக விளங்கும். கொள்கையை நூல்தான் கடைசியில் தீர்மானிக்கிறது. இன்று அந்த நிறங்கள் ஜூன் மாதம் பிறந்ததும் பெரிய கம்பெனிகளின் சின்னங்களில் ஏறி, ஜூலை பிறந்ததும் இறங்கிவிடுகின்றன. ஆடித் தள்ளுபடியைப் பார்த்துப் பழகிய நமக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஆனால் வியாபாரிகள் அனைவரையும் ஒரே தராசில் போடவும் எனக்கு மனமில்லை: கோவாவின் வெண்டல் ரோட்ரிக்ஸ், தாம் ஆணை நேசிக்கும் ஆண் என்பதை ஒளிக்காமல் வாழ்ந்து, வழக்கொழிந்துகொண்டிருந்த குன்பிப் பழங்குடியினரின் கட்டம் போட்ட சிவப்புப் புடவையை மீட்டெடுத்து, கோவாவின் உடைகளைப் பற்றி ஒரு பெரிய நூலும் எழுதி, 2014-இல் பத்மஸ்ரீயும் பெற்றவர். உடையின் மேல் அவருக்கிருந்த மரியாதை, தம் உடம்பைப் பற்றிய உண்மையிலிருந்து பிறந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

எனக்கு உண்மையான கசப்பு வேறிடத்தில். இந்தி நட்சத்திரம் ஒருவர் பாவாடை மாதிரி ஓர் உடையில் விழாவுக்கு வந்தால் அது புதிய போக்கு. பெங்களூரில் மென்பொருள் எழுதுகிற இளைஞன் மூக்குத்தி போட்டால் அது தனித்தன்மை. அதே மூக்குத்தியோடு ஒரு திருநங்கை கடை கடையாகக் காசு கேட்டு வந்தால் மாத்திரம் அது அசிங்கம். மூக்குத்தி மாறவில்லை, அதை வாங்கிய பணப்பையின் கனம் மாறியிருக்கிறது. ஆங்கிலம் பேசும் காப்பிக்கடைகளில் எந்த வேஷமும் செல்லும். ஓர் ஆட்டோவுக்குக் கொடுக்கக் காசில்லாமல் மின்சார ரயிலில் ஏறுகிறவருக்கு ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு சோதனைச் சாவடி. கூவாகத்தில் சித்திரையில் திருநங்கையர் கூத்தாண்டவரின் பெயரால் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து வெள்ளை உடுக்கும் சடங்கை ஒட்டி, விழுப்புரத்தில் நடக்கும் அழகிப் போட்டிகளைக் குறித்தும் எனக்கு இரட்டை மனமே: பார்க்க மறுத்த கண்களைப் பார்க்கவைத்தது அந்த மேடை, ஆனால் சிவந்த நிறமும் மெலிந்த இடையுமே அழகு என்ற பழைய அளவுகோலையும் அது அப்படியே கடன் வாங்கிவிட்டது. பிறர் ஜாக்கெட்டைக் கொண்டு தைத்தால் அப்படித்தான் ஆகும்.

சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிட முன்னால் போயிருக்கிறது. தமிழ்நாடு திருநங்கையர் நல வாரியம் அமைத்தது 2008 ஏப்ரல் 15-இல். அந்த வருஷமே 'இப்படிக்கு ரோஸ்' என்று ஒரு திருநங்கை, நேர்த்தியாக உடுத்து, நிமிர்ந்து அமர்ந்து, தொலைக்காட்சியில் விருந்தினரைக் கேள்வி கேட்டதை இந்தத் தாலுகாவின் நடுக்கூடங்களிலும் பார்த்தார்கள். ஆறு வருஷம் கழித்து அதே ஏப்ரல் 15-இல், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ராதாகிருஷ்ணனும் சிக்ரியும் அளித்த நால்சா தீர்ப்பு, ஒருவர் தாம் உணரும் பாலினத்தை உடையாலும் சொல்லாலும் நடையாலும் வெளிப்படுத்துவது அரசியல் சாசனத்தின் பத்தொன்பதாம் பிரிவு தரும் கருத்துரிமைக்குள் அடங்கும் என்று சொல்லிற்று. பெண்ணுடை அணிந்த ஆண்களைத் தண்டித்த சிகாகோ நகரத்து விதியை அமெரிக்க மாநில நீதிமன்றம் ஒன்று 1978-இல் தள்ளியதையும் எடுத்துக் காட்டிற்று. உடை என்பது பேச்சு என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டதாகும். காக்கிச் சட்டையும் ஓர் உடைதானே: பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளராகச் சேர 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் வழி செய்தபோது, அந்த உடுப்பு புதிதாக ஒரு பேச்சுப் பேசிற்று. 2021-இல் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கே இதில் அறியாமை உண்டு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு மனநல நிபுணரிடம் பாடம் கேட்டார். அந்த வழக்கின் விளைவாகவே பால்புதுமையர் முதலிய சொற்கள் 2022-இல் அரசிதழில் ஏறின. புதுமை என்ற பகுதி மாத்திரம் எனக்கு உறுத்துகிறது. மணிமேகலையிலேயே இருக்கிற ஒன்றில் என்ன புதுமை? இருந்தாலும், வைகிற சொல்லைத் தவிர வேறு சொல் இல்லாதிருந்த இடத்தில் ஒரு சொல் வந்திருக்கிறது, அதன் மேல் ஏன் குறை சொல்ல வேண்டும்.

ஆனால் தீர்ப்பு, பஸ் ஏறி ஊருக்கு வருவதற்கு நாளாகிறது. நகரங்களில் இவ்வளவு நடந்த பிறகும், ஊரில் ஒரு பிள்ளைக்கு வேண்டியிருப்பது கொடியோ ஊர்வலமோ அல்ல. கேள்வி கேட்காமல் அளவெடுக்கிற ஒரு தையற்காரர், வளையல் கடையில் கையை நீட்டினால் சிரிக்காமல் அளவு பார்த்துப் போட்டுவிடுகிற ஒரு கடைக்காரம்மாள், முடி வெட்டப் போகும்போது 'எப்படி வேணும்' என்று கேட்கிற ஒரு சலூன். நகரத்தில் அவை காசுக்குக் கிடைக்கின்றன. இங்கே அவை மனுஷர்களிடமிருந்துதான் கிடைத்தாக வேண்டும். ஆகையால் இங்கே கிடைப்பது கடினம், கிடைத்தால் நிலைக்கும் என்றும் எனக்கு ஓர் எண்ணம்.

சென்ற ஆடியில், சிநேகவல்லிக்கு வளையல் சாத்துகிற நாளுக்கு முந்தின மாலை, நான் பெஞ்சில் இருந்தேன். சென்னையிலிருந்து வந்திருந்த அந்தப் பிள்ளை, இளநீலச் சுடிதாரும் பின்னிய தலையுமாகக் கடைவாசலில் வந்து நின்றது. சந்தில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். அவருக்கு அடையாளம் தெரிந்தது என்பது எனக்குத் தெரிந்தது. நான் நாளிதழைப் பிரித்த பக்கத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தேன், ஒரு வரியும் ஓடவில்லை.

பையிலிருந்து ஒரு மாம்பழ மஞ்சள் துணி வந்தது. அதன் மேலே, துவைத்துத் துவைத்துக் கை விளிம்பு வெளிறிப்போன, தோளில் ஒரு தையல் விட்டு மறுபடி போட்ட ஜாக்கெட் ஒன்று.

"அளவு ஜாக்கெட் கொண்டாந்திருக்கேன், பாய்."

பாய் அதை மிஷின் பலகையின் மேல் விரித்தார். உள்ளங்கையால் சுருக்கத்தை நீவினார். மார்புச் சுற்று, தோள், கை நீளம் என்று டேப்பை வைத்து வைத்து எடுத்து, காதில் செருகியிருந்த பென்சிலால் துணியின் ஓரத்தில் எண்களை எழுதினார். மெட்ராஸ்காரன் தைத்த தையலைக் கவனித்து, உதட்டைப் பிதுக்கினார்.

"கழுத்து எறக்கம் இதே போதுமா, கொஞ்சம் கூட்டவா?"

"கொஞ்சம் கூட்டுங்க, பாய்."

"நாளைக்கு அஞ்சு மணிக்கு வாங்கிக்க" என்று சொல்லிவிட்டு, கத்திரியைத் தேடிக் குனிந்தார். அது என் பக்கத்தில், நாளிதழுக்கு அடியில் கிடந்தது, எடுத்துக் கொடுத்தேன்.